எம்16 ரைபிளின் போல்ட் தாங்கி: அரசுத் தர உறுப்பும் மாற்று உறுப்பும்

போல்ட் தாங்கி என்பது எம்16, ஏஆர்-15 வகை ரைபிள்களின் உடலுக்குள் முன்னும் பின்னும் ஓடும் எஃகு உறுப்பு. தோட்டா அறையை அடைத்து நிற்கும் போல்ட், தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி, போல்ட்டைத் திருப்பும் முளை ஆகியவற்றை அது சுமக்கிறது. எல்லாம் சேர்ந்த தொகுதியின் எடை சுமார் 330 கிராம். இன்று அமெரிக்காவில் இதைப் பல நிறுவனங்கள் பல பூச்சுகளிலும் பல எடைகளிலும் செய்து விற்கின்றன. இராணுவ வரைபடத்தின்படி செய்த உறுப்பு நல்லதா, தனியார் திருத்திச் செய்த மாற்று உறுப்பு நல்லதா என்ற வாதம் துப்பாக்கி வைத்திருப்போரிடையே ஓயாமல் நடக்கிறது. இராணுவ வரைபடம் இன்றைய வடிவத்தை எப்படி அடைந்தது என்று தெரிந்தால்தான் அந்த வாதத்தில் பொருள் இருக்கும். அந்த வரலாற்றின் ஒரு பகுதி வியட்நாம் போர்க்களத்தில் உயிர்களைக் கொடுத்து எழுதப்பட்டது.

ஸ்டோனரின் அமைப்பு

இந்த அமைப்பை வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். ஃபேர்சைல்ட் விமான நிறுவனத்தின் கிளையாகக் கலிபோர்னியாவில் இயங்கிய ஆர்மலைட்டில் அவர் பணியாற்றினார். 1956இல் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் அவருக்குக் கிடைத்தது. அவரது ஏஆர்-10 ரைபிளைச் சிறிய தோட்டாவுக்கு ஏற்பச் சுருக்கி ஏஆர்-15 ஆக்கியவர்கள் ராபர்ட் ஃப்ரீமாண்ட்டும் ஜிம் சல்லிவனும். 1959இல் உற்பத்தி உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது.

வெடிமருந்து எரியும்போது எழும் வாயுவில் ஒரு பங்கு, குழலில் உள்ள சிறு துளை வழியே மெல்லிய குழாயில் ஏறிப் பின்னோக்கி வரும். போல்ட் தாங்கியின் முதுகில் திருகப்பட்டிருக்கும் கேஸ் கீ என்ற குழாய்முனை அதை வாங்கித் தாங்கியின் உள்ளே விடும். வேறு பல ரைபிள்களில் இந்த வாயு தனியான பிஸ்டன் ஒன்றைத் தள்ளும். ஸ்டோனர் அதைத் தவிர்த்தார். அவர் அமைப்பில் போல்ட்டே பிஸ்டன், தாங்கியே சிலிண்டர். வாயு விரியும்போது தாங்கி பின்னால் நகரும். அதிலுள்ள வளைந்த பள்ளம் முளையைத் திருப்ப, முளை போல்ட்டைத் திருப்பிப் பூட்டை விடுவிக்கும். மிஞ்சிய வாயு தாங்கியின் வலப்பக்கத்திலுள்ள இரண்டு துளைகள் வழியே வெளியேறும். பிறகு தாங்கி பின்னால் ஓடி, வெற்று உறையை இழுத்து எறிந்து, பஃபரில் மோதி, சுருள்வில்லின் விசையால் திரும்பி வந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளும்.

இதில் நேரக்கணக்கு முக்கியமானது. சுட்ட கணத்தில் பித்தளை உறை அழுத்தத்தால் விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடும். அதற்கு முன்பே தாங்கி அவசரப்பட்டு இழுத்தால் உறை வர மறுக்கும், அல்லது அதன் விளிம்பு பிய்ந்துபோகும். தாங்கியின் எடை, பள்ளத்தின் நீளம், துளையின் அளவு, வில்லின் விசை, வெடிமருந்து எரியும் தன்மை ஆகிய அனைத்தும் சேர்ந்தே இந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

பளபளப்பும் பல்வரிசையும்

தொடக்ககாலத் தாங்கிகள் வெளியிலும் உள்ளிலும் குரோமியம் பூசப்பட்டவை. கரி எளிதில் ஒட்டாது, துடைத்தால் போய்விடும். பின்னர் வெளிப்புறத்தில் மங்கிய சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு வந்தது. வாயு நுழையும் உட்பகுதியில் மட்டும் குரோமியம் நீடித்தது. பாஸ்பேட் பூச்சு எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒளியைத் திருப்பி வீசாது. ஆனால் துடைக்கும்போது கரி எளிதில் வராது. இன்றும் அரசுத் தரம் இதுவே.

இன்னொரு மாற்றம் தாங்கியின் வலப்பக்கத்தில் வெட்டப்பட்ட பல்வரிசை. தாங்கி முழுமையாக முன்னே போய் அடையாவிட்டால் வீரர் கையால் தள்ளி அடைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று தரைப்படை பிடிவாதமாகக் கேட்டது. விமானப்படைக்கு அது தேவைப்படவில்லை. ஸ்டோனரும் எதிர்த்தார். அறைக்குள் சரியாகப் போகாத தோட்டாவை வலிந்து தள்ளினால் சிக்கல் பெருகும் என்பது அவர் கருத்து. கடைசியில் இரண்டு வகைகள் உருவாயின. விமானப்படையின் எம்16க்குப் பொத்தான் இல்லை, தரைப்படையின் எக்ஸ்எம்16இ1க்கு உண்டு. 1963 நவம்பரில் இரு படைகளுக்குமாக 1,04,000 ரைபிள்கள் வாங்க ஒப்பந்தமானபோது அதில் 85,000 தரைப்படைக்கு, 19,000 விமானப்படைக்கு. இந்தப் பொத்தானைப் பற்றி அன்று எழுந்த சத்தத்தைப் பார்த்தால், ரைபிளின் தலைவிதியே அதில்தான் இருந்தது என்று தோன்றும். உண்மையான ஆபத்து தோட்டாவுக்குள் இருந்தது.

மாறிய வெடிமருந்து

ரைபிள் சோதிக்கப்பட்டதெல்லாம் டு பாண்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் வகை வெடிமருந்தில். 1964இல் ஓலின் நிறுவனத்தின் உருண்டை மணி வெடிமருந்து அனுமதிக்கப்பட்டது. அது குண்டை அதே வேகத்தில் செலுத்தியது. ஆனால் வாயுத் துளையருகே அதன் அழுத்தம் கூடுதல், எரிந்த பின் விடும் கசடும் கூடுதல். தாங்கி முன்னைவிட வேகமாகப் பின்னால் பாய்ந்தது. நிமிடத்துக்கு 850 சுற்று என்ற மேல்வரம்பைப் பல ரைபிள்கள் தாண்டின. சில ஆயிரத்தை நெருங்கின.

கோல்ட் தொழிற்சாலையில் ஏற்பு சோதனை நடந்தபோது, புதிய வெடிமருந்தில் ரைபிள்கள் இந்த வரம்புக்குள் நிற்கவில்லை. அதனால் பழைய வெடிமருந்துத் தோட்டாவைக் கொண்டே சோதித்துத் தேற்ற அனுமதி கிடைத்தது. வியட்நாமுக்குப் போனதோ பெரும்பாலும் புதிய தோட்டா. சோதனைக்கூடத்தில் தேறிய ரைபிளும் வீரனின் கையிலிருந்த ரைபிளும் ஒன்றுதான். உள்ளே எரிந்தது வேறு.

இத்துடன் தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு தரப்படவில்லை. வியட்நாமின் ஈரத்தில் அறை துருவேறிப் பொரிந்தது, உறை அதில் ஒட்டிக்கொண்டது. சிக்கிய உறையைக் குழலின் வாய்வழியே கம்பி விட்டுக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. பலரிடம் அந்தச் சுத்திகரிப்புக் கம்பியும் இல்லை. இந்த ரைபிளை அதிகம் துடைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் வேறு பரவியிருந்தது. 1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகே 861, 881 எண் குன்றுகளில் நடந்த சண்டைக்குப் பிறகு கடற்படைப் பிரிவு வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களின் கைக்குப் போயின. மிசௌரி மாநில உறுப்பினர் ரிச்சர்ட் இச்சோர்ட் தலைமையில் துணைக்குழு ஒன்று விசாரித்து, அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. குறைகள் தெரிந்தும் திருத்தாத அதிகாரிகளின் செயல் குற்றத்துக்கு நிகரான அலட்சியம் என்ற அளவுக்கு அது கடிந்துரைத்தது.

திருத்தங்கள் பலவாக வந்தன. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள். சுத்தம் செய்யும் கருவிகளை அனுப்பினார்கள். சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடு 1968இல் வீரர்களிடம் போய்ச் சேர்ந்தது. தாங்கியைப் பொறுத்தவரை முக்கியமான திருத்தம் அதற்குப் பின்னால் நிற்கும் பஃபரில் செய்யப்பட்டது. உள்ளே நகரும் எடைகள் கொண்ட கனமான பஃபர் வந்ததால் தாங்கியின் வேகம் தணிந்தது. முன்னே மோதியதும் தாங்கி எகிறிக் குதிப்பதும் அடங்கியது. அப்படி எகிறும் நொடியில் சுத்தி விழுந்தால் தோட்டா வெடிக்காமல் போகும்.

தரம் என்றால் என்ன

1967இல் அமெரிக்க அரசு கோல்ட்டிடமிருந்து உற்பத்தி உரிமைகளை 45 இலட்சம் டாலருக்கும் அதற்கு மேல் உரிமத்தொகைக்கும் பெற்றது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேடிக் பிரிவுக்கும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனுக்கும் உற்பத்தி ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்டன. ஒரு தொழிற்சாலையின் தாங்கி இன்னொன்றின் ரைபிளில் பொருந்தியாக வேண்டும். எனவே எஃகின் வகை, அளவு, பூச்சு, சோதனை எல்லாம் ஒரே வரைபடத் தொகுப்பில் கட்டுப்பட்டன. தாங்கிக்கு 8620 எஃகு, போல்ட்டுக்குக் கார்ப்பெண்டர் 158 எஃகு. போல்ட்டை அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, பிறகு காந்தத்துகள் முறையில் விரிசல் தேட வேண்டும். கேஸ் கீயின் இரு திருகுகள் தளராதபடி, சுற்றியுள்ள உலோகத்தை உளியால் அழுத்தித் திருகின் தலைமேல் நெருக்கிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது அற்ப வேலையாகத் தோன்றும். அது சரியில்லாமல் திருகு தளர்ந்தால் வாயு கசியும், தாங்கி பாதி வழியில் நின்றுவிடும்.

மாற்று உறுப்புகளின் வருகை

ஸ்டோனரின் காப்புரிமை 1977இல் காலாவதியானது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் இந்த அமைப்பைச் செய்யலாம் என்றானது. 1964 முதலே கோல்ட் பொதுமக்களுக்கு விற்ற ஸ்போர்ட்டர் வகையில் தாங்கியின் பின்பகுதி வெட்டப்பட்டு எடை குறைந்திருந்தது. தாங்கியில் வேறுபாடு செய்யலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

இன்றைய மாற்று உறுப்புகளில் முதலில் கண்ணில் படுவது பூச்சு. நிக்கல்-போரான் பூசிய வெள்ளி நிறத் தாங்கியில் கரி ஒட்டுவது குறைவு, துணியால் துடைத்தாலே போகும். 1960களின் தொடக்கத்தில் குரோமியத் தாங்கி தந்த வசதியும் இதுவேதான். இராணுவம் கைவிட்ட பளபளப்பு அரை நூற்றாண்டு கழித்து அதிக விலையில் திரும்பியிருக்கிறது. தங்க நிற டைட்டேனியம் நைட்ரைடு, கறுப்பு நைட்ரைடு, வைரம் போன்ற கடினக் கார்பன் பூச்சு ஆகியவையும் உராய்வைக் குறைப்பவை. துடைக்கும் வேலை மிச்சமாகும் என்பது உண்மை. இராணுவப் பராமரிப்பில் இருக்கும் ரைபிளைவிட நம்பகமாக ஓடும் என்பதற்குப் பூச்சு மட்டும் உத்தரவாதம் ஆகாது.

எடையில் செய்யும் மாற்றம் பூச்சைவிட ஆழமானது. அலுமினியத்தாலோ டைட்டேனியத்தாலோ செய்து 250 கிராமுக்கும் கீழே இறக்கிய தொகுதிகள் போட்டி வீரர்களுக்காக வந்தவை. ஓடும் நிறை குறைந்தால் உதறல் குறையும், குறி விலகாது. ஆனால் இலேசான தாங்கி சீக்கிரம் நகரும், சீக்கிரம் பூட்டைத் திறக்கும். அதனால் வாயுவைக் குறைக்கும் திருகு, இலேசான பஃபர், குறிப்பிட்ட தோட்டா என்று எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். தாங்கியை மட்டும் வாங்கிப் பொருத்துபவர், தெரியாமலே 1964இன் வெடிமருந்துக் கதையைத் தன் துப்பாக்கியில் திரும்ப நடத்துகிறார். போட்டி மைதானத்தில் இதனால் சில வினாடிகள் போகும், அவ்வளவே. ஆபத்தில் நம்ப வேண்டிய ரைபிளுக்கு இது ஏற்றதல்ல.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1994இல் ஏற்கப்பட்ட எம்4 கார்பைனின் குழல் 14.5 அங்குலமே. வாயுத் துளை அறைக்கு நெருங்கி வந்ததால் அங்கே அழுத்தம் அதிகம், பூட்டு திறப்பதும் முந்திவிடுகிறது. லூயிஸ் மெஷின் அண்ட் டூல் நிறுவனத்தின் மேம்படுத்திய தாங்கியில் வாயு வெளியேற இரண்டுக்குப் பதில் மூன்று துளைகள் உண்டு. பள்ளத்தின் வடிவமும் பூட்டுத் திறப்பைத் தாமதப்படுத்தும்படி மாற்றப்பட்டிருக்கிறது. குட்டைக் குழலுக்கு இது பயனுள்ள மாற்றம். நீண்ட குழல் கொண்ட பழைய எம்16க்கு இதற்கு அவசியம் குறைவு. அங்கே வரைபடப்படி செய்த, திருகுகள் ஒழுங்காக நெருக்கப்பட்ட சாதாரணத் தாங்கியே போதும்.

ஏஆர்-15ஐச் சுருக்கி வடித்தவர்களில் ஒருவரான ஜிம் சல்லிவன் முதிய வயதில் இதே உறுப்பை மீண்டும் கையில் எடுத்தார். ஷூர்ஃபயர் நிறுவனம் வெளியிட்ட அவரது தாங்கியில் முளை ஓடும் பள்ளம் நீண்டிருக்கிறது. அதனால் அழுத்தம் தணியக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. முன்னே மோதியதும் எகிறாமல் இருக்க ஓர் எதிர் எடையும் அதில் உண்டு.