பதினேழா, பதினெட்டா? ஹெட்போனில் தெளிவாகக் கேட்கக் கணினியைச் சரிசெய்தல்

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயார் கைத்தொலைபேசியில் பதிவுசெய்திருந்த வாக்குமூலத்தை எழுத்தில் இறக்கித் தரும்படி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டார்கள். நாற்பது நிமிடப் பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு இரவுகள் இருந்து எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, நான் பதினேழாம் திகதி எண்டு சொல்லேல்லை. பதினெட்டு."

2009 மே மாதத்தின் அந்த இரண்டு நாட்களைப் பற்றி இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மகனை அவர் கடைசியாகக் கண்ட திகதி அது.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்குப் பதினேழு என்றுதான் கேட்டது. பிறகு அதே ஹெட்போனைக் கைத்தொலைபேசியில் செருகி, அதே பதிவைக் கேட்டேன். பதினெட்டு. சந்தேகமே இல்லை. பிழை அவருடைய பேச்சிலும் இல்லை, என் காதிலும் இல்லை. என் கணினி ஒலியை மாற்றித் தந்திருக்கிறது.

காரணத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. 'லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்' என்ற வசதி என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தி, பலத்த ஒலியைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இரவில் படம் பார்ப்பவருக்கு நல்லது. எழுதுபவருக்கு அல்ல. 'ட்டு' என்று சொல்லும்போது நாக்கு மூச்சை ஒரு கணம் முற்றாக அடைக்கிறது. அந்தச் சின்ன மௌனத்தை வைத்துத்தான் நமது காது 'ட்ட'வை அடையாளம் காண்கிறது. தாயாரின் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் அந்த மௌனத்தையும் 'மெல்லிய ஒலி' என்று எண்ணி, மின்விசிறியின் இரைச்சலைத் தூக்கி அதற்குள் நிரப்பிவிட்டது. அடைப்புப் போய், ழகரம் போல ஒரு குழைவு மிஞ்சியது.

இதை நிறுத்துவது இலகு. வின்டோஸ் கணினியில் 'கொன்ட்ரோல் பனல்' சென்று 'சவுண்ட்' என்பதைத் திறந்தால், 'பிளேபக்' பக்கத்தில் உங்கள் ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர் தெரியும். அதைத் தெரிவுசெய்து 'புரொப்பட்டீஸ்' போங்கள். 'என்ஹான்ஸ்மன்ட்ஸ்' என்ற பக்கம் இருந்தால் அதில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வின்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' வழியாகச் சென்றும் இதை நிறுத்தலாம். சுற்றொலி, அதாவது 'ஸ்பேஷல் சவுண்ட்', அதையும் நிறுத்துங்கள். ஒலி அட்டையோடு வரும் தனி மென்பொருளில் மண்டபம், குளியலறை என்று எதிரொலி சேர்க்கும் விளையாட்டுகள் இருக்கும். யாருக்காகச் செய்தார்களோ தெரியாது.

அடுத்தது கரகரப்பு. பெரும்பாலும் அது ஒலியை அளவுக்கு மேல் ஏற்றுவதால் வருவது. 16 பிட் ஒலியில் ஒவ்வொரு கணத்தின் அளவும் -32768 முதல் 32767 வரையான ஓர் எண். அதற்கு மேல் எண் கிடையாது. அழுகை உயரும் இடத்தில் ஒலி அந்த எல்லையைத் தாண்டினால், அலையின் உச்சி கத்தரித்தது போல் தட்டையாகிவிடும். விஎல்சி போன்ற மென்பொருட்கள் ஒலியை 100ஐத் தாண்டி ஏற்ற விடுகின்றன. அங்கே 100இல் நிறுத்திக்கொண்டு, வின்டோஸின் ஒலி அளவால் கூட்டிக் குறையுங்கள். ஈக்குவலைசரிலும் அப்படியே. பேச்சு தெளிவில்லை என்றால் உயர்ந்த சுருதிகளை ஏற்றுவதைவிட, தாழ்ந்த சுருதிகளைக் குறைப்பது நல்லது. ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாக மேலே தெரியும், எல்லையும் தாண்டாது.

'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 44100, 48000 என்று எண்கள் இருக்கும். இசைத்தட்டுக்கு முதலாவது, காணொளிக்கு இரண்டாவது. பேச்சைக் கேட்பதற்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். 192000 வைத்தால் எதுவும் கூடுதலாகக் கேட்காது.

சில பிழைகள் வயரில் இருக்கின்றன. பிளக் முழுதாக உள்ளே போகாமல் நின்றாலோ அதன் நிலக்கம்பி அறுந்தாலோ, பின்னணி இசை கேட்கும், பேசுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடும். இரு காதுகளுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துவிடுவதே காரணம். மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் கீச்சென்று இரைச்சல் வந்தால், பின்னால் உள்ள பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். மடிக்கணினியில் 'ம்ம்' என்ற 50 ஹேர்ட்ஸ் முனகல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் யூ.எஸ்.பி.யில் செருகும் ஒரு சிறு ஒலி அட்டை வாங்கலாம்.

இவையெல்லாம் கேட்கும்போது வரும் பிழைகள். பதியும்போதே உச்சி வெட்டுப்பட்டால் முழுதாக மீட்க வழியில்லை. பழைய கசட்டுகளைக் கணினியில் ஏற்றுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கசட் பிளேயரின் வயரை இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகாதீர்கள். மைக்கின் மிக மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்கான துளை அது. நீலத் துளைதான் இதற்குரியது. உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில், சாகப்போகும் பற்றரியில் பதிந்த கசட்டுகள் இன்று கீச்சுக் குரலில் வேகமாக ஓடும். அது பழுதல்ல. பதிந்த கருவி அன்று மெதுவாகச் சுற்றியது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் குறைத்தால் குரல் திரும்பி வரும்.

எறிகணைச் சத்தத்தில் ஒரு காது போனவர்கள் நம்மிடையே பலர். இரண்டு காதுக்கும் வேறு வேறாகப் பதிந்த நேர்காணலில், கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று இருக்கும். அவர்களுக்குப் பாதிக் கதைதான் கேட்கும். வின்டோஸில் 'மோனோ ஓடியோ' என்ற வசதியை இயக்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே காதில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளில் தேடுங்கள். காதுக்குள் ஓயாமல் இரைச்சல் உள்ளவர்கள் அதை மூடுவதற்காக ஒலியை ஏற்ற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணித்தியாலம். மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் ஹெட்போனுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் தாயாரின் சம்மதத்தோடு தனியாக வெட்டி வைத்திருக்கிறேன். புதிய கணினியோ புதிய ஹெட்போனோ வந்தால் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். பதினெட்டு என்று கேட்டால் வேலையைத் தொடங்குவேன்.