பறையும் தூதும்

சிலப்பதிகாரக் காட்சிக் காதையில் சுவையான கருத்து வேற்றுமை ஒன்று நிகழ்கிறது. பத்தினிக் கடவுளுக்குக் கல் கொணர இமயம் செல்லத் துணிந்த செங்குட்டுவனிடம், வடபுல மன்னர்க்கெல்லாம் வில், கயல், புலி பொறித்த மண் இலச்சினையிட்டு ஓலை விடுக்கலாம் என்கின்றான் வில்லவன் கோதை. அழும்பில் வேள் அதனை வேண்டா என்கின்றான். பகையரசரின் ஒற்றர் வஞ்சியின் வாயிலைவிட்டு அகலாதவர். நகரில் பறையறைந்தாலே அவர்கள் தத்தம் அரசர் செவியில் அதனைச் சேர்ப்பர் என்பது அவன் கருத்து. மன்னன் உடன்பட்டான். யானைமீது முரசேற்றி அறைவிக்கப்பட்டது.

இப்பகுதியைப் பாடஞ்சொல்வோர் சேரனின் வீறு ஒன்றையே காட்டி அப்பாற் செல்வதுண்டு. அழும்பில் வேளின் நுண்ணறிவு அதனினும் எண்ணத்தக்கது. ஓலை விடுப்போன் பெறுவோரின் பெயரும் இடமும் அறிதல் வேண்டும். வழிதோறும் ஆள் வேண்டும். பறைக்கு இவை வேண்டா. ஆனால் கேட்டவர் யார், கேளாதவர் யார் என்பது பறையறைவித்தவனுக்குத் தெரியாது. திறையோடு வந்து எதிர்கொள்க என்னும் எச்சரிக்கைக்கு அக்குறை ஒரு குறையன்று.

அடுத்த கால்கோட் காதையில் அதே மன்னன் வேறு வழி கொள்கின்றான். நூற்றுவர் கன்னரின் செய்தியோடு வந்த சஞ்சயன் வாயிலாக, கங்கையைக் கடக்க மரக்கல வரிசையை ஆயத்தம் செய்யுமாறு அவர்க்குச் சொல்லியனுப்புகின்றான். இதற்கு ஏன் பறை இல்லை? கலங்கள் குறித்த கரைக்கு வந்து நிற்றல் வேண்டும். எல்லார்க்கும் சொன்னதை எவரும் தமக்குரிய பணியாகக் கொள்ளாவிடின் படை ஆற்றங்கரையிலேயே நின்றுவிடும். கன்னரிடம் பெற்ற கலங்களாலேயே சேரர் படை வடகரை அடைந்ததைக் காப்பியம் கூறுகிறது.

அரசர் செயலில் கண்ட இவ்வேறுபாடு நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் அன்றாட வாழ்விலும் இருந்தது. விடியுமுன் ஒலித்த மணி லயங்கள் அனைத்துக்கும் பொது. ஆனால் பெரட்டுக் களத்தில் மணியோசை செல்லாது. அங்கே ஒவ்வொருவர் பெயரும் கூப்பிடப்பட்டு, வந்தவர் மறுமொழி தந்த பின்னரே செக்குரோலில் பதிவு விழும். அன்றைய கூலி அப்பதிவைச் சார்ந்தது. மணி கேட்டு எழுந்தேன் என்பவருக்கு எந்தக் கிராணியும் கூலி எழுதியதில்லை! கணினி நிரல் எழுதுவோரும் இன்று இதே வினாவை எதிர்கொள்கின்றனர். ஒரு நிரற்பகுதி தன் செய்தியைக் கேட்போர்க்கெல்லாம் ஒலிபரப்பிவிட்டால், பின்னர்ப் புதிய பகுதிகளைச் சேர்ப்பது எளிது. அனுப்பிய பகுதியில் மாற்றம் வேண்டுவதில்லை. பணம் செலுத்துதல் போன்ற செயலில் குறித்த ஒன்றுக்கே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு உறுதி வாங்குவர்.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளையர் நிறுவனங்கள் நிலத்தை விற்க, வாங்கியோர் அதனைக் கூறுபோட்டனர். வேலையோடு குடியிருப்பும் பறிபோயிற்று. நெகிரி செம்பிலானும் இதற்கு விலக்கன்று. 1946-இல் தொடங்கிய மலாயா வானொலி தமிழிலும் ஒலித்தது, நாளேடுகளும் இருந்தன. துண்டாடலின் தீமையை ஊரறியச் செய்ய இவை போதும். ஆயினும் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் அறிவிப்போடு அமையவில்லை. தோட்டந்தோறும் சென்று தொழிலாளரை நேரிற் கண்டு பேசினார். பால்வெட்டித் தேடிய கூலியிலிருந்து 10 வெள்ளியை எடுத்துத் தர வேண்டியவர், என் பணம் என்னாகும் என்று எதிர்வினா கேட்பார். வானொலிப் பெட்டியிடம் அதைக் கேட்க இயலாது. அவ்வாறு திரண்ட பங்குப் பணத்தைக் கொண்டு 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.