அளவுக்கு மீறிய இன்ஜின்: மாதிரி விமானமும் ஃபைபர் படகும்

உடம்புக்குப் பொருந்தாத இன்ஜினை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஃபைபர் படகுகளைக் கரையில் நின்று பார்த்தாலே போதும். சில படகுகள் தண்ணீரில் மட்டமாக உட்கார்ந்திருக்கும். சில படகுகளின் பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிக்கொண்டு நிற்பவற்றில் பெரும்பாலும் இன்ஜின்தான் காரணம். இதே கோளாறைச் சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவனும் சந்திக்கிறான். அங்கே பின்பக்கத்துக்குப் பதில் மூக்கு அமுங்குகிறது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றேதான். ஆனால் படகுக்காரர் சர்வசாதாரணமாகச் செய்யும் வேலையை விமானக்காரன் பல நேரம் தலைகீழாகச் செய்கிறான் என்பது என் கருத்து.

முதலில் படகு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு தொடங்கிக் கிள்ளை வரை இந்தக் கரையோரம் முழுக்க நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரத்தில் துடுப்பும் பாயும் போட்டுப் பழகிய கைகளுக்கு இன்ஜின் அதற்கு முன்பே அறிமுகம்தான்; சுனாமிக்குப் பின் அது வீட்டுக்கு வீடு வந்தது. கட்டுமரத்தில் எடை என்பது ஆட்களும் வலையும் மட்டும். ஆள் நகர்ந்தால் எடை நகரும். இன்ஜின் வந்த பிறகு ஒரு பெரிய எடை பின்பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதை ஓட்டுகிறவரும் அங்கேதான் நிற்கிறார், டீசல் கேனும் அங்கேதான் இருக்கிறது.

ஒருநாள் விடியற்காலையில் கடலுக்குக் கிளம்பும் படகு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புதிதாகப் பெரிய இன்ஜின் பொருத்தியிருந்தார்கள். “தம்பி, ஐஸ் பெட்டிய அணியத்துப் பக்கம் தள்ளு. போதாது, இன்னும் தள்ளு” என்றார் ஓட்டுகிறவர். பெட்டி ஒரு முழம் முன்னே போனது. வலையைப் பிரித்துப் பாதியை முன்னால் அடுக்கினார்கள். பிறகு அவர் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் பக்கவாட்டில் தண்ணீர் தொடும் கோட்டை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி ஏறிக்கொண்டார். புதிதாக ஒரு கிலோகூட ஏற்றவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இருந்ததைத்தான் நகர்த்தினார்கள்.

மாதிரி விமானத்துக்கு இந்த வசதி கிடையாது. தண்ணீர் படகைத் தாங்கிக்கொண்டே கோளாறையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காற்று, விமானம் கிளம்பும்வரை வாய் திறக்காது. அதனால்தான் இறக்கைக்கு அடியில் இரு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்துத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தது. சாதாரணப் பயிற்சி விமானத்தில் ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் விழ வேண்டும். 25 செ.மீ. அகல இறக்கையென்றால் ஆறேகாலிலிருந்து ஏழரை செ.மீ.க்குள். அதாவது எல்லாம் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். மையம் அதற்கு முன்னால் போனால் மூக்கு கனத்து, வாலில் உள்ள எலிவேட்டரை எப்போதும் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கப் போதிய பலம் இருக்காது. பின்னால் போனால் விமானம் கைக்கு அடங்காது.

40 அளவு இன்ஜினுக்காக வடிவமைத்த விமானத்தில் 60 அளவு இன்ஜினை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். (இந்த எண்கள் கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைக் குறிப்பவை, 40 என்றால் 0.40 கன அங்குலம்.) பழையது சைலன்சரோடு 450 கிராம், புதியது 600 என்று கொள்வோம். கூடுதல் 150 கிராம், மையத்திலிருந்து 30 செ.மீ. முன்னால் உட்காருகிறது. வால் 75 செ.மீ. பின்னால் இருந்தால் அங்கே 60 கிராம் ஈயத்தை ஒட்டினால் தராசு சமமாகிவிடும். பலரும் செய்வது இதுதான். விரலில் வைத்தால் மட்டமாக நிற்கும், மனசும் திருப்தியாகிவிடும்.

ஆனால் நிற்பது வேறு, திரும்புவது வேறு. பிளஸ் ஒன் இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதில் தூரம் இருமடியாகக் கணக்கில் வருகிறது. 150 கிராம் இன்ஜின் எடை 30 செ.மீ.யில் சேர்க்கும் நிலைமத்தைப்போல இரண்டரை மடங்கை அந்த 60 கிராம் ஈயம் 75 செ.மீ.யில் சேர்த்துவிடுகிறது. நோயைவிட மருந்து கனமாகிவிட்டது. மூக்கு ஏறத் தொடங்கினால் நிற்க நேரமெடுக்கும், இறங்கத் தொடங்கினாலும் அப்படியே. ரிமோட்டின் குச்சியை அசைத்துவிட்டு விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மொத்த எடையும் 210 கிராம் கூடிவிட்டது. இரண்டரைக் கிலோ விமானத்தில் அது எட்டு சதவீதத்துக்கு மேல். இறங்கும் வேகமும் அதற்கேற்ப ஏறும்.

படகிலும் இதே தவற்றைச் செய்ய வழியுண்டு. அணியத்தின் நுனியில் மணல் மூட்டையும் நங்கூரமும் போட்டுப் பின்பக்கத்து இன்ஜினைச் சமன் செய்யலாம். துறைக்குள் படகு அழகாக மட்டமாக நிற்கும். முகத்துவாரத்தில் அலை எழும்பும்போதுதான் தெரியும். இரண்டு முனையிலும் எடை உள்ள படகு அலைக்கு மேல் சீக்கிரம் ஏறாது, அணியம் அலைக்குள் குத்தும். கடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் இடத்தைக் கடந்து போய்வந்து பழகியவர்கள் நுனியில் கனம் வைப்பதில்லை. பெட்டியை நடுவுக்குத்தான் தள்ளுவார்கள்.

ஒரு விஷயத்தில் படகின் கணக்கு விமானத்தைவிடச் சிக்கலானது. போகும்போது இருக்கும் ஐஸ் உருகுகிறது, டீசல் தீர்கிறது, காய்ந்த வலை நனைந்து கனக்கிறது, மீன் ஏறுகிறது. வேளைக்கு வேளை சமநிலை மாறும். விமானத்தில் மாறுவது எரிபொருள் மட்டுமே. டாங்கி மையத்துக்கு முன்னால் இருப்பதால், காலி டாங்கியோடுதான் விரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய இன்ஜினுக்குப் பெரிய டாங்கி தேவைப்படும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

எடையைக்கூட ஒருவழியாகச் சமாளிக்கலாம். கூடுதல் சக்தியால் கிடைப்பது என்ன? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாகவும் ஏறுகிறது. சக்தி 60 சதவீதம் கூடினால் உச்ச வேகம் சுமார் 17 சதவீதம்தான் கூடும். மேலே ஏறும் வேகத்தில்தான் உண்மையான லாபம். தண்ணீரைப் பிளந்து செல்லும் படகின் நிலை இன்னும் மோசம். நீர்க்கோட்டின் நீளம் 25 அடி என்றால் ஏறத்தாழ 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கி.மீ. அளவில் அது தன் அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இன்ஜினை முடுக்கினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும், டீசல்தான் கரையும். தட்டையான அடிப்பகுதி உள்ள ஃபைபர் படகு தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்கி இதிலிருந்து தப்பலாம். அதற்கு முதல் நிபந்தனை எடை பின்னால் குவியாமல் இருப்பது. பெரிய விசைப்படகுகளில் இந்தப் போட்டி வேறு வடிவம் எடுத்தது. அதிவேக இன்ஜின்களுக்கு எதிராகச் சிறு படகு மீனவர்கள் குரல் எழுப்பியதும், தமிழக விதிகள் 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்ததும் அதன் தொடர்ச்சி.

இன்ஜினை முதலில் தேர்ந்தெடுத்து உடம்பை அதற்கேற்ப வளைத்த கதைகள் உலகில் நிறைய. 1932-ல் அமெரிக்காவின் கிரான்வில் சகோதரர்கள் கட்டிய ஜீ பீ ஆர்-1, 800 குதிரைத்திறன் இன்ஜினைச் சுமந்த குட்டை விமானம். விமானியின் இருக்கை ஏறக்குறைய வாலை ஒட்டி இருந்தது. ஜிம்மி டூலிட்டில் அதில் மணிக்கு 476 கி.மீ. வேகம் தொட்டுச் சாதனை படைத்தார். அந்த ரகம் பல உயிர்களையும் குடித்தது. நம் காலத்தில் போயிங் 737 மேக்ஸ். விசிறி விட்டம் 155 செ.மீ.யிலிருந்து 176 செ.மீ. ஆனதால் புதிய இன்ஜின்கள் தரையில் இடிக்காமலிருக்க முன்னாலும் மேலாகவும் நகர்த்தப்பட்டன. அதனால் சில நிலைகளில் மூக்கு எழும் போக்கு கூடியது. அதை ஈடுகட்ட மென்பொருளை வைத்தார்கள். அது தவறான சமிக்ஞையை நம்பி மூக்கைக் கீழே தள்ளியதில் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் 346 பேர் இறந்தார்கள். வாலில் ஒட்டிய ஈயத்தைவிட ஆபத்தான ஈயம் அது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், அலையடிக்கும் கரையில் ஏற்ற வேண்டிய படகுகளுக்கு இன்ஜினையும் புரொப்பல்லர் தண்டையும் ஒரே பெட்டியாக்கி, தேவைப்படும்போது மேலே தூக்கிக்கொள்ளும்படி உள்ளேயே பொருத்தினார்கள். இன்ஜினின் இடத்தைப் படகின் உடம்போடு சேர்த்தே யோசித்த வேலை அது. மாதிரி விமானத்திலும் அதையே செய்யலாம். மேலே சொன்ன அதே விமானத்தில் ஃபயர்வாலை, அதாவது இன்ஜினைப் பொருத்தும் முன்சுவரை, 3 செ.மீ. பின்னுக்குக் கொண்டுவந்தால் 600 கிராம் இன்ஜின் 27 செ.மீ.யில் உட்காரும். மிஞ்சுவது 2,700 கிராம்-செ.மீ. பேட்டரியும் ரிசீவரும் சேர்ந்து 180 கிராம் என்றால், அவற்றை 15 செ.மீ. பின்னால் தள்ளினால் அதுவும் தீர்ந்துவிடும். ஈயம் ஒரு கிராம்கூட வேண்டாம். ஃபயர்வாலை வெட்டி மறுபடி எபாக்ஸியில் ஒட்ட ஒரு சனி, ஞாயிறு போகும். அதற்கும் இடமில்லாத உடம்பு என்றால் 60-ஐக் கழற்றி வைத்துவிட்டு 40-ஐ மாட்டுங்கள்.