கல்லில் எழுதிய மருத்துவச் செலவு

குடவாசல் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குக் கணைக்கால் இரும்பொறையின் சிறை நினைவுக்கு வரும். கேட்டபோது கிடைக்காமல் பிந்தி வந்த தண்ணீரைப் பருக மறுத்து உயிர்விட்ட சேரனின் கதை அது. புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு சொல்வது. அதே சோழநாட்டில், பிந்தி வரும் இன்னொன்றைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்ற செய்திதான் அது.

சோழர் காலத்தில் இச்செலவைக் கல்லிலேயே வெட்டினார்கள். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலையைக் கூறுகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம் நெல். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. தஞ்சையில் குந்தவை ஆதுலர்சாலைக்கு நிலம் அளித்ததும் இவ்வழிப்பட்டதே. அறுவை செய்பவருக்கு மருத்துவர் பெற்ற நெல்லில் மூன்றிலொரு பங்கே என்பது இன்றைய வாசகரை வியக்கச் செய்யும்!

ஆனால் இதைப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. திருமுக்கூடல் சாலை கோயிற் பணியாளருக்கும் அங்குப் பயின்ற மாணாக்கருக்கும் உரியது. வயலில் நாற்று நட்டவர்களின் காய்ச்சலைப் பற்றி அக்கல் பேசவில்லை. உள்ளே இடம் பெற்றவர் விலை கேட்க வேண்டியதில்லை, அவ்வளவே.

விலையை முன்கூட்டியே சொல்லி, தேர்வை நோயாளியிடமே விட்ட முயற்சிக்கு நம் காலத்தில் மதுரையைத்தான் காட்ட வேண்டும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணப் பிரிவா இலவசப் பிரிவா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. இருந்தும் இலவசம் என்ற சொல்லுக்கே கண்புரையோடு இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிடவில்லை. 1991இல் வெளியான மதுரை வட்டார ஆய்வொன்று காரணத்தைத் தொட்டது. அறுவை இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் நோயாளியுடையவை. துணைக்கு வருபவர் கூலியையும் இழக்கிறார். பயணத்தையும் உணவையும் சேர்த்துக் கொடுத்த ஊர்களில் அறுவைக்கு இசைந்தவர் கூடினர். கிராமத்து மனிதர் அறியாமையால் வரவில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவர் நம்மைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தார்.

கணக்குப் போடவே இயலாத இடமும் உண்டு. 2017 பிப்ரவரியில் நடுவண் அரசு இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு உச்சவிலை விதித்தது: உலோக வகைக்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600. அதற்கு முன் மருந்து பூசியதன் அச்சிட்ட விலை சராசரியாக ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. நெஞ்சுவலியோடு கிடப்பவரின் வீட்டார் இரண்டு வகைகளையும் ஒப்பிட்டுப் பேரம் பேசியிருப்பார்களா என்ன?

கட்டணத்தை எல்லோரும் காணும்படி வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன 2012ஆம் ஆண்டின் நடுவண் விதிகள். தமிழகத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருப்பதால் அவை இங்கு வரவில்லை. அச்சட்டத்துக்குரிய விதிகளோ 2018இல்தான் வந்தன.

குடவாசல் பக்கத்து வீடுகளில் சிகிச்சையை முடிவு செய்பவர் பெரும்பாலும் படுக்கையில் இருப்பவரல்லர். மகனோ மருமகனோ "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை வந்தால், கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பெரியவரை வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்து, சம்பா அறுவடை முடியட்டும் என்று காத்திருப்பார்கள். ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நகையை அடகு வைத்திருப்பார்கள், அல்லது 2010இல் தொடங்கிய திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அடுத்த பேருந்தில் போயிருப்பார்கள்.