அடுத்த வருடம் எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அடுத்த வருடம் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போவது என்பது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் வழக்கு. பையன் இணையத்திலிருந்து 'பார்த்தே ஆக வேண்டிய 50 இடங்கள்' என்று ஒரு பட்டியலை இறக்கி, எக்செல்லில் போட்டு, விமானக் கட்டணம், விசா, வெயில், சைவச் சாப்பாடு என்று கட்டம் கட்டி எங்களிடம் ஓட்டுக் கேட்டான். அவன் ஓட்டு மாலத்தீவுக்கு. மனைவிக்கு ஸ்பெயின் கடற்கரை. அம்மா ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நான் பாதியிலேயே வழி தவறிவிட்டேன். பட்டியலில் மெக்சிகோவின் கான்கூன் இருந்தது. அப்பா பள்ளியில் படித்தபோது வாங்கிய அட்லஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். யுகடான் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் கடலின் நீலம்தான் இருந்தது. ஊரே இல்லை. அட்லஸ்காரர் மறந்துவிட்டாரோ என்று பார்த்தால், அவர் மேல் தப்பு இல்லை. உண்மையிலேயே அப்போது அங்கே ஊர் கிடையாது.

கான்கூனைத் தேர்ந்தெடுத்தது எந்தப் பயணியும் இல்லை. ஒரு வங்கி. நம்ம ரிசர்வ் வங்கி மாதிரி மெக்சிகோவுக்கு உள்ள மத்திய வங்கி, பாங்கோ தே மெக்சிகோ. 1960களின் கடைசியில் அந்த நாட்டுக்கு டாலர் வேண்டியிருந்தது. பக்கத்திலேயே பணக்கார அமெரிக்கா. அமெரிக்கர்கள் முன்பு குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்வந்த ஹவானாவின் கதவு கியூபப் புரட்சிக்குப் பிறகு அவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது. வெயிலும் கடலும் தேடும் அந்தக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பினால் என்ன என்று வங்கி யோசித்தது. அந்தோனியோ என்ரீக்கெஸ் சாவிக்னாக் என்ற வங்கி அதிகாரியும் அவருடைய சகாக்களும் நாட்டின் கடற்கரைகளை ஆராயக் கிளம்பினார்கள். மழை எத்தனை நாள், தண்ணீர் எவ்வளவு சூடு, புயல் எவ்வளவு, விமானம் இறங்க இடம் உண்டா, சுற்றுவட்டாரத்தில் வேலையில்லாதவர்கள் எவ்வளவு பேர் என்று கணக்கெடுத்தார்கள்.

'கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த ஊர்' என்று கான்கூனைப் பற்றி ஒரு கதை உண்டு. எண்களைச் சேகரித்ததும் அலசியதும் நிஜம். ஆனால் அந்த அதிகாரிகள் நேரில் போய் மணலில் நடந்தும் பார்த்திருக்கிறார்கள். எந்திரம் முடிவு செய்தது என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விகளில் கடைசியாகச் சொன்னேனே, வேலையில்லாதவர்கள் எவ்வளவு பேர் என்பது, அதை எந்தப் பயணப் பட்டியலும் கேட்காது. யுகடான் முழுக்கக் கற்றாழை வகைச் செடியின் நாரை நம்பி வாழ்ந்த பூமி. கயிறும் சாக்கும் திரிக்கிற அந்த நாருக்கு உலகச் சந்தையில் விலை போய்க்கொண்டிருந்தது. பிழைப்பு இழந்த சனத்துக்கு எங்கேயாவது வேலை காட்ட வேண்டும்.

1970இல் வேலை தொடங்கியது. 7 என்ற எண்ணைப் போல வளைந்த ஒரு மணல் திட்டு, உள்ளே உப்பங்கழி, வெளியே கரீபியன் கடல். அந்தத் திட்டில் அப்போது இருந்தவர்கள் மூன்றே பேர் என்று எழுதியிருக்கிறார்கள். தென்னந்தோப்புக் காவலர்கள். பக்கத்தில் புவெர்த்தோ ஹுவாரெஸ் என்ற மீனவக் குடியிருப்பில் நூற்றுச் சொச்சம் பேர். 1971இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 2 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது. ஆரம்பத்தில் தனியார் முதலாளிகள் கை வைக்கத் தயங்கினார்கள். காட்டுக்கு நடுவே யார் ஓட்டல் கட்டுவார்கள்? அரசே முன்னால் நின்று தள்ள வேண்டியிருந்தது. 1974இல் முதல் ஓட்டல்கள் திறந்தன. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஒன்பது லட்சம்.

வரைபடத்தில் இரண்டு ஊர்களைப் போட்டார்கள். மணல் திட்டில் ஓட்டல்கள், உள்ளே நிலப்பகுதியில் தொழிலாளர்கள் தங்கும் நகரம். முதலாவது போட்ட திட்டத்தின்படி வளர்ந்தது. இரண்டாவதில் திட்டத்தை மிஞ்சி ஆள் வந்தார்கள். நகரத்துக்கு வெளியே வடக்கே, குழாயும் சாக்கடையும் வருவதற்கு முன்பே குடிசைகள் வந்துவிட்டன. பட்டியலில் உள்ள படத்தில் முதல் ஊர் மட்டும்தான் இருக்கிறது. புயலையும் கணக்கில் எடுத்தார்கள் என்றேன் அல்லவா? 2005 அக்டோபரில் வில்மா வந்து கடற்கரையையே வாரிக்கொண்டு போனது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி இறைத்துப் புதுக் கரை போட்டார்கள். அதுவும் சில வருடங்களில் அரிக்க, மறுபடியும் போட்டார்கள்.

இதைப் படித்த பிறகு மனைவியின் ஸ்பெயின் கடற்கரையையும் விட்டுவைக்க மனசு வரவில்லை.

அவர் காட்டிய படத்தில் இருந்த ஊர் பெனிடோர்ம். கடலோரம் வரிசையாக வானளாவிய கட்டடங்கள். அதில் ஒன்று 186 மீட்டர் உயரம். 1950இல் அது மூவாயிரம் பேர்கூட இல்லாத மீனவ ஊர். சூரை மீனுக்கு வலை கட்டுவதில் அந்த ஊர் ஆண்கள் பேர் பெற்றவர்கள். பெத்ரோ சரகோசா ஓர்ட்ஸ் என்ற இளைஞர் அங்கே மேயராக வந்தார். மீன்பாடு குறைந்துகொண்டே வந்தது. 1956இல் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு முழு நகரத் திட்டம் போட்டார், அகலச் சாலைகளோடு. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் சொல்வது பிகினி கதைதான். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினில், கத்தோலிக்கத் திருச்சபை ஓங்கி நின்ற காலத்தில், கடற்கரையில் பிகினி போட்டால் போலீஸ் பிடிக்கும். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் மேயர் தன் ஊரில் மட்டும் அதை அனுமதித்தார். மேற்றிராணியார் தரப்பிலிருந்து திருச்சபையை விட்டே விலக்கிவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. மேயர் தன் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட்டுக்கே விட்டார். நாள் முழுக்க ஓட்டிப் போய் பிராங்கோவைப் பார்த்து முறையிட்டார், விலக்கும் வரவில்லை. இது அவரே பல தடவை சொன்ன கதை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிராங்கோ ஏன் ஒத்துக்கொண்டிருப்பார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஸ்பெயினுக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். 1959இல் பெசட்டாவின் மதிப்பைக் குறைத்து ஒரு டாலருக்கு 60 என்று வைத்தார்கள். இங்கிலாந்துத் தொழிலாளிக்கு ஸ்பெயின் ஒரேயடியாக மலிவாகிவிட்டது. 1967இல் பக்கத்து அலிகான்ட்டேயில் விமான நிலையம் வந்தது.

அந்தத் தொழிலாளிக்கும் எங்கே போவது என்று கேட்டுக்கொள்ளும் உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. முதலில் சம்பளத்தோடு லீவு வேண்டும். பிரான்சில் 1936இல்தான் இரண்டு வாரம் சட்டமானது. இங்கிலாந்தில் 1938இல் ஒரு சட்டம் வந்தது, அடுத்த வருடம் போர். 1950 மே மாதம் விளாடிமிர் ரெய்ட்ஸ் என்ற இளைஞர் கோர்சிகா தீவின் கால்விக்கு ஒரு டகோட்டா விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். விமானம், கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். ஏன் கால்வி? அதற்கு முந்தைய வருடம் அவர் தற்செயலாக அங்கே லீவுக்குப் போயிருந்தார், போரின்போது போட்ட ஓடுபாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. அரசு விமான நிறுவனத்தின் வியாபாரம் கெடக் கூடாதென்று, ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டும்தான் ஏற்றலாம் என்று நிபந்தனை போட்டார்கள். இங்கிலாந்தில் அப்போது இறைச்சிக்கு ரேஷன், 1954 வரைக்கும். ரெய்ட்ஸின் விளம்பரத்தில் தினம் இரண்டு வேளை இறைச்சி. கடலைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர், கறிக்காகப் போனவர்கள் எத்தனை பேரோ!

1966இல் வில்சன் அரசு இன்னொரு கடிவாளம் போட்டது. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 50 பவுண்டுதான். 1970 தொடக்கம் வரை அது நீடித்தது. உள்ளூரில் பவுண்டாகக் கட்டும் விமானக் கட்டணம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே சொந்தமாக ஊர் சுற்றுவதைவிட மொத்தமாகக் கட்டிப் போகும் மலிவு டூர்தான் கட்டுப்படியானது. அந்த டூர்கள் இறங்கிய ஊர்களில் ஒன்று பெனிடோர்ம். அந்த மனிதர்களைக் கேட்டால் "நாங்கள்தான் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தோம்" என்பார்கள். பொய்யும் இல்லை.

நம் பக்கம் கதையே வேறு. அதே அறுபதுகளில் இந்தியாவிலிருந்து வெளிநாடு கிளம்பியவர்கள் கையில் எட்டு டாலரோடு இறங்கிய கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி பாரம்' வேண்டும். பாஸ்போர்ட் என்பது அரசு விரும்பினால் தருவது என்றிருந்தது. வெளிநாடு போவதும் தனிமனித உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில். அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இப்போது ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். என் பையன் சொடுக்கினால் பட்டியல் இறங்குகிறது. ஆனாலும் எங்கள் எக்செல்லில் விசா கட்டம்தான் முதலில் நிரம்பியது. ஐரோப்பாவுக்குப் போன தடவை காசு கட்டி, விரல் ரேகை கொடுத்து, இரண்டு வரி மறுப்புக் கடிதம் வாங்கி வந்தவன் நான். மாலத்தீவு வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே போய் இறங்கினால் எந்த நாட்டுக்காரருக்கும் 30 நாள் விசா கையில்.

மாலத்தீவின் கதையையும் பையனுக்குச் சொன்னேன். அறுபதுகளில் அங்கே போன ஐ.நா. குழு ஒன்று சுற்றுலாவுக்கு இந்தத் தீவுகள் லாயக்கில்லை என்று கருதியது. பிறகு ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் ஆள் அரவமில்லாத கடற்கரை தேடிக் கொழும்புக்கு வந்தார். அங்கே மாலத்தீவுத் தூதரகத்தில் அகமது நசீம் என்ற இளம் அலுவலரைச் சந்தித்தார். பின்னாளில் வெளியுறவு அமைச்சரானவர் இவர். 1972 பிப்ரவரியில் கோர்பின் இருபத்திரண்டு இத்தாலியர்களை அழைத்து வந்தார். தங்க ஓட்டல் இல்லை, மாலே நகரின் வீடுகளில் தங்கினார்கள். அந்த அக்டோபரிலேயே முதல் ரிசார்ட். பவளக் கல்லும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டியது. பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க் காய். நம்ம குரும்பையேதான், நாம் அதைப் பிஞ்சுக்குச் சொல்கிறோம். அதற்கப்புறம் நீண்ட காலம், வெளிநாட்டார் தங்குவது ஆளில்லாத் தீவுகளில்தான் என்று அரசு வைத்திருந்தது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் முளைத்ததெல்லாம் 2009க்குப் பிறகுதான்.

"அப்பா, இதெல்லாம் இருக்கட்டும், ஓட்டு யாருக்கு?" என்றான்.

அப்போதுதான் ஹாலிலிருந்து அம்மா கேட்டார். "கொழும்புன்னு ஏதோ சொன்னியே, அது அந்த லிஸ்ட்ல இருக்கா?"

அம்மாவின் அப்பா கொழும்பில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். அம்மா ஒரே ஒரு தடவை, ஏழெட்டு வயதில், அந்த வழியாகப் போய் வந்திருக்கிறார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் திரும்பப் போக நினைக்கிறார் என்பதுதான் தெரியாது. இத்தனை வருடத்தில் எங்கே போகலாம் என்று அவரிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. எங்கே போனாலும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

பையன் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். கொழும்பு இல்லை. "வரிசை ஒண்ணு கூடப் போடறேன் ஆச்சி," என்று 51 என்று அடித்தான். விமானக் கட்டணம் நிரம்பிவிட்டது, நாலு பேருக்கு. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பிறந்த தேதிச் சான்றிதழும் கிடையாது. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. திங்கட்கிழமை அதற்குத்தான் விண்ணப்பம் போட்டேன்.