சக்கரத்துக்குள் ஒரு வரலாறு

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்தை மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். லண்டன் நகரப் போக்குவரத்தில் பணியாற்றிய ஸால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அத்துறையை நடத்தினார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களுடன், வந்திறங்கின. மேற்கூடுகளைச் சாக்கைப் பட்டறையில் நம்மவரே கட்டினர். கூடு நம்முடையது, ஆனால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே எவர் கண்ணிலும் படாமல் சுழன்ற எஃகுத் தாங்கி கடல் கடந்து வந்தது. பேரிங்கு என்று பட்டறைகளில் வழங்குவது அதுவே.

மாட்டு வண்டியின் குடம் அச்சின் மேல் உரசிக்கொண்டே சுழல்கிறது. மை இட்டால் ஓசை அடங்கும். உராய்வு குறையுமேயன்றி ஒழியாது. இரண்டுக்கும் இடையே குண்டுகளையோ உருளைகளையோ வைத்தால் உரசல் உருளலாக மாறுகிறது. 1794-இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வான் வண்டியச்சுக்குக் குண்டுகள் அமைத்துக் காப்புரிமை பெற்றார்.

வளைவில்தான் இடர். வண்டி திரும்பும்போது, மேலிருந்து அழுத்தும் பாரம் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. நேர் உருளை முன்னதைத் தாங்கும், பின்னதைத் தாங்காது. அமெரிக்காவில் குதிரை வண்டிகள் கட்டிவந்த ஹென்றி டிம்கென் இதற்கு விடை கண்டு, 1898-இல் கூம்புருளைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கூம்புகளின் பக்கங்களை மனத்தால் நீட்டிப் பார்த்தால், யாவும் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் கூடும். ஆதலால் உருளை வழுக்காமல் உருள்கிறது, இருவகைப் பாரத்தையும் ஏற்கிறது. மோட்டார் வண்டியின் பின்னச்சில் ஒரு பற்சக்கரம் மற்றொன்றைத் திருப்பும்போது தானும் நீளவாக்கில் தள்ளப்படுகிறது. அங்கும் எதிரெதிராக வைத்த இரட்டைக் கூம்புருளைகளே காவல்.

இவற்றின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்வீடனின் லுண்ட்பெர்க், பால்ம்கிரன் என்னும் இருவர் 1947-இல் அதை வெளியிட்டனர். உருளைத் தாங்கியின் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிறது! நெரிசலுடன் கரமனையைக் கடக்கும் பஸ்ஸைக் காணும்போதெல்லாம் நமக்கு இக்கணக்கே நினைவுக்கு வருகிறது. நடத்துனரின் கணக்கு வேறு.

இச்சிறு பொருளின் அருமையைப் போர் காட்டியது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத் தாங்கித் தொழிற்சாலைகளைத் தாக்கச் சென்ற அமெரிக்கர், 1943 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தனர். இதற்காகவா இத்தனை உயிர் என்று வியப்போர் இருக்கலாம். தாங்கியின்றி டாங்கியும் நகராது, விமானமும் எழாது.

நம் நாட்டில் 1946-இல் ஜெய்ப்பூரில் இதற்கென ஆலை தோன்றிற்று. 1950-இல் முதல் தாங்கி வெளிவந்தது. சாக்கைப் பட்டறை பின்னர் பாப்பனங்கோட்டுக்கு மாறியது. பஸ் துறை 1965-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. தேய்ந்த தாங்கியைக் கண்டறியும் பழைய வழி மட்டும் மாறவில்லை. தொழிலாளர் அதைக் கையில் பிடித்துச் சுழற்றிக் காதால் கேட்பர். கரகரப்பு எழுந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவர்.