திருமலைக்கு வந்த பிரெஞ்சு

களனிப் பல்கலைக்கழகத்தில பிரெஞ்சு படிக்கிறன் எண்டு சொன்னா ஊரில எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி ஒண்டுதான்: "அப்ப தம்பி எப்ப பிரான்ஸ் போறீர்?" அந்தக் கேள்வியில பிழை சொல்ல ஏலாது. 83க்குப் பிறகு எங்கட சனத்துக்குப் பிரெஞ்சு எண்டா விசா, கார்ட், லா சப்பல். ஆனா அந்த மொழி நாங்கள் தேடிப் போறதுக்கு முன்னூறு வருசத்துக்கு முதலே எங்கட துறைமுகத்துக்கு வந்திட்டுது எண்டதை நானே இரண்டாம் வருசத்திலதான் அறிஞ்சன்.

1672 மார்ச். டி லா ஹே என்ற தளபதியின் கீழ் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக்குடாவுக்குள் நுழைகிறது. கூட வந்தவர் பிரான்சுவா கரோன், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர். இந்த மனுசன்ட கதை தனியா எழுத வேண்டியது. பல வருசம் ஒல்லாந்தர் கம்பனியில் வேலை செய்தவர், 1644இல் நீர்கொழும்பை அவர்களுக்காகப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. இலங்கையில் ஒல்லாந்தர் எங்கே பலம், எங்கே பலவீனம் எண்டு தெரிஞ்ச ஆள், இப்ப மற்றப் பக்கம்.

கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் ஆள் தேவைப்பட்டது. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரைக் கூப்பிட்டு, பிறகு ஒல்லாந்தரைத் துரத்த வழியில்லாமல் இருந்தவர். இஞ்சியைக் குடுத்து மிளகாய் வாங்கின மாதிரி எண்டு சிங்களத்தில சொல்லுவினம். திருகோணமலையையும் கொட்டியாரையும் பிரெஞ்சுக்காரருக்கு அவர் எழுதிக் குடுத்தார். ஆனா ஒல்லாந்தக் கப்பல்கள் வந்து மறிச்சதோட சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. நோயும் சேர்ந்தது. யூலையில் டி லா ஹே ஒரு சிறிய காவற்படையை விட்டுவிட்டுப் புறப்பட, அதையும் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து நாலு மாசம்.

இங்க இருந்து போனவர் நேரா சோழமண்டலக் கரைக்குப் போய்ச் சாந்தோமைப் பிடித்தார். மயிலாப்பூருக்குப் பக்கத்தில இருக்கிற அதே சாந்தோம். அதையும் 1674இல் இழந்தார்கள். அதே வருசம் பிரான்சுவா மார்ட்டின் புதுச்சேரியில் கால் ஊன்றுகிறார். புதுச்சேரியின் கதையை அந்தக் கரையிலிருந்தே தொடங்கிச் சொல்லித்தான் கேட்டிருக்கிறம். என்னைக் கேட்டா, அது கொட்டியாரக்குடாவில் தோற்றுப்போன இடத்திலயும் தொடங்குது. இங்க அவர்கள் நிலைத்திருந்தா நான் இப்ப என்ன மொழியில இதை எழுதிக்கொண்டிருப்பன் எண்டு யோசிச்சுப் பாத்தன். பெரிய சந்தோசம் ஒண்டும் வரேல்ல.

கண்டிக்குத் தூதுவராகப் போன லானெரோல் என்பவரைப் பற்றியும் சொல்ல வேணும். அரசவை வழக்கத்தை மதிக்காமல் நடந்ததால் அரசன் கோபப்பட்டு அவரைத் தடுத்து வைத்தார். அவர் திரும்பிப் போகவே இல்லை. லானெரோல் என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் இருக்கிறது. அந்த வருகையில் இந்த நாட்டில் மிஞ்சினது ஒரு பெயர்.

அடுத்த தடவை வந்தது 110 வருசம் கழிச்சு. 1782 தொடக்கத்தில் பிரித்தானியர் திருமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி படையை இறக்கி, இப்ப பிரட்ரிக் கோட்டை எண்டு நாங்கள் சொல்லுற கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் சில நாளில் எடுத்தார். பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் உதவிக்கு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் நடந்த சண்டை யாருக்கும் முழு வெற்றியாக முடியவில்லை. ஏன் இவ்வளவு அடிபிடி? வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினா சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பெரிய கப்பல்கள் நிக்க ஏலாது. எங்கட துறைமுகத்தில எந்தக் காற்றிலும் நிக்கலாம். அவ்வளவுதான் காரணம். போர் முடிஞ்சு உடன்படிக்கை வந்ததும் ஊரைத் திரும்ப ஒல்லாந்தரிடமே குடுத்தார்கள், இரவல் வாங்கின சைக்கிள் மாதிரி. 1795இல் பிரித்தானியர் மறுபடி வந்தது எல்லாருக்கும் தெரியும்.

சுஃப்ரனைப் பற்றிப் பிரெஞ்சில் நிறைய எழுதியிருக்கினம். அகராதியோட இருந்து கொஞ்சம் வாசிச்சன். பீரங்கி, பாய்மரம், காற்றின் திசை எல்லாம் இருக்கு. இந்தக் குடாவில வலை போட்ட சனம், தண்ணி காட்டின சனம், மூதூர்ப் பக்கம் நெல் விதைச்ச சனம் நான் வாசிச்ச பக்கங்களில அநேகமா இல்லை. அந்தக் கோபத்திலதான் இந்த மொழியை ஒழுங்காப் படிக்க முடிவெடுத்தன். மொழிபெயர்த்தவர் எதை விட்டார் எண்டு மூலத்தைப் பாத்தாத்தானே தெரியும்.

எங்கட விரிவுரைகளில பிரெஞ்சு எண்டா பரிஸ் மட்டுமில்லை. ரீயூனியன் தீவு வருது. அங்க 1848இல் அடிமைமுறை ஒழிஞ்ச பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பெருந்தொகையான தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தீ மிதிக்கினம், காவடி எடுக்கினம், ஆனா வீட்டில கதைக்கிறது பெரும்பாலும் கிரியோல், பிரெஞ்சு. மறுபக்கம் ஜூலியன் வின்சோன் எண்டு ஒருவர். காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்று, பரிசில் தமிழ் படிப்பிச்சு, 1903இல் பிரெஞ்சுக்காரருக்காகத் தமிழ்ப் பாடநூல் எழுதினவர். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தில நடிச்ச ஷோபாசக்தி எங்கட எழுத்தாளர். அந்தப் படத்தில தமிழ் வருற இடங்களுக்குப் பிரெஞ்சுக்காரர் எழுத்து வாசிச்சுத்தான் விளங்கினவை. அது எனக்குப் பிடிச்சிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியம்மா வீட்டுக்குப் போவன். பரிசில இருக்கிற அக்காவின்ர மகள் வட்ஸ்அப்பில வருவாள். ஒன்பது வயசு. தமிழ் விளங்கும், வாய் திறந்தா பிரெஞ்சுதான். பெரியம்மா போனை என்ர பக்கம் திருப்பி, "தம்பி, இவள் என்ன சொல்லுறாள்?" எண்டு கேப்பா. போன கிழமை அவள் கேட்டது, கோணேசர் கோயிலடி மான் இன்னும் நிக்குதா எண்டு. சொன்னன். பெரியம்மா சிரிச்சிட்டு, "நிக்குது எண்டு சொல்லு, கோட்டை வாசல் வரைக்கும் வருகுது எண்டு சொல்லு" எண்டா. கோட்டை எண்டதுக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். 'கோயிலடி' எண்டதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் கொஞ்ச நேரம் நிண்டன்.